போட்ட முதல்

சென்ற தை மாதம் அண்ணன் குடும்பம் வீடு மாறியது. திண்டுக்கல்லில் பதினாறு வருடம் குடியிருந்த வாடகை வீடு. சாமான் கட்ட ஒத்தாசையாக இருக்கட்டும் என்று இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். கட்டிலுக்கு அடியில், பழைய சேலை போட்டு மூடியிருந்த நான்கு அட்டைப்பெட்டிகளை இழுத்து வெளியே வைத்தேன். உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்கள். சத்துமாவு, மூலிகைக் காப்பித்தூள், மூட்டுவலி எண்ணெய், முகத்துக்குப் பூசும் கிரீம். ஒரு டப்பாவைத் திறந்து பார்த்தேன். மாவு கல்லாக இறுகிக் கிடந்தது. காலாவதித் தேதியில் ஆண்டு 2016 என்று இருந்தது.

“இதெல்லாம் எதுக்கு மதினி? தூக்கிப் போட்டுரவா?”

அடுப்படியில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்த மதினி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “கெடக்கட்டும் பாப்பா. அதுக்குள்ளதான் என் வளையல் கெடக்கு.”

அந்த வளையலின் கதையை எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். எழுத உட்கார்ந்தால், அதில் நான் வருகிற இடங்கள்தான் கையைத் தடுத்தன.

2014ஆம் ஆண்டு ஆடி மாதம் மதினியின் பள்ளித்தோழி ஒருவர் வீட்டுக்கு வந்தார். பல வருடம் தொடர்பில்லாதவர். இஸ்திரி போட்ட பருத்திச் சேலை, தோளில் கைப்பை, கையில் ஒரு கோப்பு. காப்பி குடித்து முடித்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நடுவில் ஒரு வட்டம் போட்டு, “இது நீ” என்றார். அதற்குக் கீழே இரண்டு வட்டங்கள். இடது கால், வலது கால். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டிரண்டு. தாள் நிறைய வட்டங்களாகி, கடைசி வரிசைக்கு இடமில்லாமல் போனது. பொருளும் விற்கலாம், ஆளும் சேர்க்கலாம், இரண்டிலும் வருமானம் என்றார். சேருவதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது, முதல் தடவை ஒரு ‘பிசினஸ் பேக்கேஜ்’ வாங்கினால் போதும். விலை 24,500 ரூபாய்.

மதினியிடம் அவ்வளவு பணம் இல்லை. கல்யாணத்துக்குப் போட்டு அனுப்பிய நகையில் மிச்சமிருந்தது ஒரு ஜோடி வளையல், இரண்டு பவுன். அதை அடகு வைத்தார். 30,000 கிடைத்தது. பேக்கேஜ் போக மிச்சப் பணம் பயிற்சிக் கூட்டத்துக்கான நுழைவுச்சீட்டு, பெயர் அச்சடித்த அட்டை, மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் பேருந்துச் செலவு என்று ஒரே மாதத்தில் கரைந்தது.

அந்த மதுரைக் கூட்டத்துக்கு நானும் போனேன். ஒரு கல்யாண மண்டபம். மேடையில் மாலை மாற்றுகிற இடத்தில் புரொஜெக்டர் திரை. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மைக் பிடித்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், நன்றாகப் பேசினார். “ஓசியில கெடைக்கிற எதுக்கும் நமக்கு அருமை தெரியாது. காசு போட்டுப் பாருங்க, காலையில நாலு மணிக்குத் தூக்கம் தானா கலையும். பணம் போட்டாத்தான் பொறுப்பு வரும்” என்றார். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன். என் அம்மா சொல்லி வளர்த்த வாக்கியம்தானே அது. அரசாங்கம் கொடுக்கிற புத்தகத்தைக் கிழிக்கிற பிள்ளை, கடையில் வாங்கிய புத்தகத்துக்கு அட்டை போடுகிறது என்று அம்மா சொல்வார். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

அப்போது நான் முனைவர் பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு சுயநிதிக் கல்லூரியில் தொகுப்பூதியத்தில் வேலை. மாதம் 11,000 ரூபாய். மதினிக்கு ஒரு ‘கால்’ வேண்டியிருந்தது. 8,000 ரூபாய்க்குச் சின்ன பேக்கேஜ் ஒன்றை வாங்கி அவர் பெயருக்குக் கீழே நானும் ஒரு வட்டமானேன். எனக்கு வந்த முகக்கிரீம்களை ஆசிரியர் அறையில் இரண்டு தோழிகளின் தலையில் கட்டினேன். அவர்கள் எதற்காக வாங்கினார்கள் என்பது எனக்குத் தெரியும். மறுநாளும் என் பக்கத்தில்தானே அவர்கள் உட்கார வேண்டும்.

மூன்றாவது மாதம் மதினி போன் செய்தார். விற்றது நாலு டப்பா, அதில் இரண்டுக்குப் பணம் வரவில்லை. “விட்டுரலாம்னு இருக்கு பாப்பா. இருக்கிறத வந்த வெலைக்குத் தள்ளிட்டு வளையலத் திருப்பிரலாம்” என்றார்.

நான் சொன்னது இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது: “இவ்வளவு போட்டுட்டு இப்பப் போயி விடுவாங்களா மதினி?”

அந்தப் பருவத்தில்தான் இளங்கலை மாணவிகளுக்குத் திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ நடத்திக்கொண்டிருந்தேன். வரப்போகும் ஆக்கத்தை எண்ணி இருக்கும் முதலை இழக்கிற வேலையை அறிவுடையவர்கள் செய்யமாட்டார்கள் என்று வள்ளுவர் சொல்லும் குறள் அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. கரும்பலகையில் சீர் பிரித்து எழுதிப்போட்டு, ‘முதல்’ என்றால் தொடக்கம், ‘முதல்’ என்றால் மூலதனம் என்று இரண்டு பொருளையும் விளக்கிவிட்டு வந்த அதே வாயால்தான் மதினியிடம் அப்படிச் சொன்னேன். அக்கறையால் சொன்னேன் என்று வெகுநாள் என்னையே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். மதினி விலகினால் என் 8,000 ரூபாயும் போய்விடும் என்பதுதான் காரணம்.

மதினி விடவில்லை. அடுத்த ஆறு மாதத்தில் தன் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து மூன்று பெண்களைச் சேர்த்தார். குழுவில் எடுத்த கடனைத்தான் அவர்கள் இதில் போட்டார்கள். அதற்குப் பிறகு விட நினைத்தாலும் மதினியால் விட முடியாது. அவரை நம்பி வந்த மூன்று பேர் அதே தெருவில் இருந்தார்கள். 2016ஆம் ஆண்டு எல்லாம் ஓய்ந்தபோது வளையல் அடகுக்கடையிலேயே மூழ்கிவிட்டது. மூன்று பேரில் ஒருவருக்கு மட்டும் தையல்கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் மதினி. மற்ற இருவர் கேட்கவில்லை, பேசவும் இல்லை. பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகும் பழக்கம் மதினிக்கு அப்போது வந்தது.

பொருளாதாரம் படித்தவர்கள் இதை ‘மூழ்கிய செலவு’ என்கிறார்கள். திரும்ப எடுக்க முடியாத பணம். அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது பாடம். ஆனால் மனிதர்கள் அதைத்தான் முதலில் சேர்க்கிறார்கள். அடகுக்கடை வாசலில் நின்று பழகிய நம் பெண்களுக்கு ‘மூழ்கிவிட்டது’ என்ற சொல்லை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

மண்டபத்தில் அந்த அம்மா சொன்னது உண்மையா என்று பின்னாளில் தேடித் தேடிப் படித்தேன். ஹால் ஆர்க்ஸ், கேதரின் பிளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரை கிடைத்தது. அமெரிக்காவில் ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில், ஒரு பருவம் முழுவதற்குமான சீட்டை வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழுவிலையான 15 டாலருக்கே விற்றார்கள். சிலருக்கு 2 டாலர் தள்ளுபடி, சிலருக்கு 7 டாலர் தள்ளுபடி. யாருக்கு எந்த விலை என்பது குருட்டாம்போக்கில்தான். எல்லாருக்கும் ஒரே நாடகங்கள், ஒரே இருக்கைகள். முழுவிலை கொடுத்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். அந்த அம்மா சொன்னது சரிதான் என்று இந்த இடத்தில் தோன்றும். ஆனால் இது பருவத்தின் முதல் பாதியில் மட்டும்தான். இரண்டாம் பாதியில் முழுவிலைக்காரர்களுக்கும் தள்ளுபடிக்காரர்களுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லாமல் போயிற்று.

போட்ட பணத்தின் உறுத்தல் சில மாதம்தான் ஆளை ஓட்டும் என்பதை இந்தத் தொழில் நடத்துகிறவர்கள் ஆய்வுக்கட்டுரை படித்துத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள், அனுபவத்தில் தெரிந்திருக்கும். அதனால்தான் மாதாமாதம் ‘ஆக்டிவ்’ ஆக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. மதினி மாதம் 1,500 ரூபாய்க்காவது தானே பொருள் வாங்க வேண்டும். ஒரு மாதம் வாங்காவிட்டால் அதுவரை இரண்டு கால்களிலும் சேர்ந்த புள்ளிகள் அழிந்துவிடும். பழைய உறுத்தல் ஆறுவதற்குள் புதிய உறுத்தல். கட்டிலுக்கு அடியில் நான் பார்த்த நான்கு பெட்டிகளும் முதல் நாள் வாங்கியவை அல்ல. புள்ளி அழிந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு மாதமும் வாங்கிச் சேர்த்தவை. விற்கத்தான் வாங்கினார் என்று சொல்ல முடியாது. ஏற்கனவே போட்டது வீணாகவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்ளத்தான் வாங்கினார்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பெண்ணுக்கு இதில் வேறொன்று கூடுதலாக இருக்கிறது. அது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

2014க்கு முன்னால் மதினி தனியாக வெளியூர்ப் பேருந்து ஏறியதில்லை. பெற்றோர் வீட்டுக்கும் அண்ணன்தான் கொண்டுபோய் விடுவான். பேக்கேஜ் வாங்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கோயம்புத்தூர் வண்டியேறி இரவு பதினொரு மணிக்குத் திரும்பி வந்தார். அண்ணன் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது அவனே, “போட்ட காச எடுக்கணும்ல, போயிட்டு வா” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே போக வேண்டும் என்று மதினி ஆசைப்பட்டபோதெல்லாம் கிடைக்காத அனுமதியை 24,500 ரூபாய் வாங்கிக்கொடுத்திருந்தது. கூட்டத்தில் அவரை ‘மேடம்’ என்றார்கள். மைக்கைக் கையில் கொடுத்துப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அட்டையில் அண்ணன் பெயர் ஒட்டாமல் அவர் பெயர் மட்டும் இருந்தது. அதெல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். இன்றைக்கும் மதினி கூட்டத்தில் பயமில்லாமல் பேசுவது அங்கே பழகியதுதான் என்று அவரே சொல்வார்.

ஆனால் அந்த அனுமதி பணத்துக்குக் கிடைத்த அனுமதி. தொழில் நஷ்டம் என்று வாய்விட்டுச் சொன்ன மறுநாளே அது ரத்தாகிவிடும். ‘அன்னைக்கே சொன்னேன்ல’ என்ற வாக்கியம் நடுவீட்டில் தயாராகக் காத்திருக்கும். ஓர் ஆண் வியாபாரத்தில் காசை விட்டால், போனது காசு. ஒரு பெண் விட்டால், இனி எதையும் தானாக முடிவெடுக்கும் தகுதி அவளுக்கு இல்லை என்பதற்கு அது சாட்சியாகிவிடுகிறது. அடுத்த முப்பது வருடத்துக்கு எந்தப் பேச்சிலும் அந்தப் பேக்கேஜ் எடுத்துக்காட்டப்படும். அதனால் அவள் விலகுவதில்லை. லாபம் என்று சொல்லிக்கொள்கிறாள். வீட்டுச் செலவுக்கு என்று தந்த பணத்தில் மிச்சம் பிடித்து ‘கமிஷன் வந்துச்சு’ என்று கணவனிடம் காட்டுகிறாள். மதினி அப்படி இரண்டு தடவை செய்திருக்கிறார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது உறுதியாக, விடாமுயற்சியாகத் தெரியும். அடுத்த கூட்டத்தில் அவரையே மேடையேற்றி உதாரணம் காட்டுவார்கள்.

இந்தப் பாடத்தை மதினி அந்த மண்டபத்தில்தான் முதன்முதலாகக் கேட்டார் என்று நினைக்காதீர்கள். அவருக்கு 1999இல் கல்யாணம். பதினைந்து பவுன் போட்டு அனுப்பினார்கள். அண்ணன் அப்போது நிறையக் குடித்துக்கொண்டிருந்தான். எட்டாவது மாதம் மதினி தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். திரும்ப அழைத்துவர அம்மாவோடு நானும் போனேன். கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். மதினியின் அப்பா திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: “பதினஞ்சு பவுன், பீரோ, கட்டிலு, மண்டபச் செலவுன்னு இவ்வளவு செஞ்சு அனுப்பியாச்சு. இனிமே இங்க வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்?” அடிக்கிறானா, குடிக்கிறானா என்று யாரும் கேட்கவில்லை. செலவாகிவிட்டது, ஆகவே இருந்தாக வேண்டும். மதினி புடவை மாற்றிக்கொண்டு எங்களோடு வந்தார். பேருந்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினைந்து வருடம் கழித்துத் தொலைபேசியில் நான் சொன்னது அந்தத் திண்ணையில் கேட்ட வாக்கியம்தான்.

இரண்டாவது முறை அடகுக்குப் போன வளையல், முதல்முறை அவரை அந்த வீட்டில் இருத்தி வைப்பதற்காகப் போட்டு அனுப்பிய பதினைந்து பவுனில் மிச்சம். ஒரே தங்கம் ஒரே பெண்ணை இரண்டு தடவை கட்டிப்போட்டது.

பணம் போடாமல் பொறுப்பு வராதா என்று கேட்டால், எனக்கு என் பெரியம்மாவைத் தெரியும். எண்பதுகளில் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் வீடு வீடாகச் சேலை விற்றவர். சின்னாளப்பட்டியில் ஒரு தறிக்காரர் பதினைந்து இருபது சேலைகளைக் கடனாகக் கொடுப்பார். ஒரு நோட்டில் எண்ணிக்கையை எழுதிக்கொள்வதோடு சரி. பெரியம்மா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலைந்து ஊர் சுற்றுவார். வாரத் தவணை, வீட்டுக்குப் பத்து ரூபாய். மாதக் கடைசியில் விற்றதற்குப் பணம், விற்காததற்குச் சேலை என்று கணக்கு முடித்துவிட்டு, அடுத்த மூட்டை. அவர் ஒரு பைசா முதல் போடவில்லை. எந்த மாதமும் ‘இனி முடியாது’ என்று மூட்டையை இறக்கி வைத்திருக்கலாம். யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. ஆனால் முழங்கால் முடியாமல் போகும்வரை அவர் இறக்கி வைக்கவில்லை. சேலை விற்றது, கையில் காசு நின்றது, எந்த வீட்டில் எப்போது வளைகாப்பு என்பது அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. தொழில் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ள அது போதும். அவருக்குக் கீழே யாரும் இல்லை. அவருக்கு யாரையும் சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை.

‘ஓசியில் கிடைத்தால் அருமை தெரியாது’ என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற இரண்டு பெண் பொருளாதார ஆய்வாளர்கள் கென்யாவின் மேற்குப் பகுதியில், கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் பெண்களுக்கு மலேரியாவைத் தடுக்கும் கொசுவலையை சில இடங்களில் இலவசமாகவும் சில இடங்களில் குறைந்த விலைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் ஆய்வு வெளிவந்தது. இலவசமாக வாங்கிய பெண்கள் வலையை மூலையில் போட்டுவிடவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் பயன்படுத்திய அளவுக்கு அவர்களும் பயன்படுத்தினார்கள். விலை வைத்ததால் நடந்தது வேறு. ஒரு டாலருக்கும் குறைவான விலைக்கே வாங்குகிறவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் சரிந்துவிட்டது. விலை பொறுப்பைக் கூட்டவில்லை. வலை தேவைப்பட்ட பெண்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு மதினி வீட்டு கிரைண்டர் நினைவுக்கு வந்தது. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகிய மூன்றையும் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் மதினிக்கும் ஒரு சின்ன கிரைண்டர் கிடைத்தது. ‘ஓசி கிரைண்டர், ஒரு வருஷம் ஓடினா அதிசயம்’ என்று அண்ணன் கிண்டல் செய்தான். டப்பா வியாபாரம் ஓய்ந்த பிறகு, தையலோடு சேர்த்து மதினி தெருவில் இட்லிமாவு அரைத்துக் கொடுக்கத் தொடங்கியது அந்த கிரைண்டரில்தான். முதல் நாள் போட்ட முதல் என்று பார்த்தால் ஒரு படி உளுந்தும் நாலு படி அரிசியும். மாவு மிஞ்சினால் வீட்டுக்கு இட்லி. மோட்டார் எரிந்துபோகிற வரைக்கும் அதில் அரைத்தார். பிறகு மாவு விற்ற காசிலேயே பெரிய கிரைண்டர் வாங்கினார். இப்போது தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துகொள்கிறார். காசு போட்டால் தூக்கம் கலையும் என்று அன்றைக்கு மண்டபத்தில் சொன்ன அதே நாலு மணி.

சட்டம் இதையெல்லாம் அறியாமல் இல்லை. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1978இலேயே வந்துவிட்டது. நேரடி விற்பனை நிறுவனங்களுக்கென்று மத்திய அரசு 2016 செப்டம்பரில் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டு நெறிமுறைகள் தெளிவாகவே பேசுகின்றன. சேருகிறவரிடம் நுழைவுக் கட்டணமோ பதிவுக் கட்டணமோ செயல்விளக்கப் பொருள்களுக்கான விலையோ கேட்கக் கூடாது. அவரால் விற்க முடிகிற அளவுக்கு மேல் பொருளை வாங்கச் சொல்லக் கூடாது. முடிவை மாற்றிக்கொள்ள அவகாசம் தர வேண்டும். விற்காத பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்க வேண்டும். பிறகு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2021 டிசம்பரில் நேரடி விற்பனை விதிகளே வந்தன. ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பிரமிடு திட்டங்களுக்கு அவற்றில் தடை இருக்கிறது. ஆனால் ‘கட்டணம் கிடையாது, பேக்கேஜ்தான்’ என்று பெயரை மாற்றிச் சொன்னால் ஒரு பெண் எதைக் காட்டி வாதாடுவாள்? திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தாலும், அதைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் தோற்றுவிட்டேன் என்று வீட்டில் சொல்லியாக வேண்டும்.

படிப்பறிவில்லாததால் ஏமாறுகிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். என் கையில் முனைவர் பட்டம் இருந்தது. அமெரிக்காவில் லுலாரோ என்ற உடை நிறுவனத்தில் சேர்ந்த பெண்கள், வீட்டிலிருந்தே விற்பதற்காகத் தொடக்கத்திலேயே ஆயிரக்கணக்கான டாலருக்குத் துணி வாங்கினார்கள். விலகுகிறவர்களின் சரக்கை முழுவிலைக்கே திரும்ப எடுத்துக்கொள்வதாக 2017இல் அறிவித்த நிறுவனம், சில மாதங்களிலேயே அந்த வாக்கை மாற்றியது. பிரமிடு திட்டம் என்று குற்றம் சாட்டி வாஷிங்டன் மாநில அரசு 2019இல் வழக்குத் தொடுத்தது, 2021இல் 47.5 லட்சம் டாலர் தருவதாக நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அந்தப் பெண்களும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டே நாலு காசு சம்பாதிக்கலாம் என்றுதான் வந்தார்கள். உள்ளே வரும் வாசல் அகலமாக இருந்தது. அங்கேயும் வெளியே போகும் வாசலில்தான் சிக்கல்.

என் மாணவிகளிடம் இப்போது வேறு வடிவத்தில் இது வருகிறது. கைப்பேசியில் ஒரு செய்தி, வீட்டிலிருந்தே வேலை, ‘ஸ்டார்ட்டர் கிட்’ ஒன்று மட்டும் வாங்கினால் போதும். விடுதிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தைக் கட்டிவிட்டு, வகுப்புத் தோழிகளைச் சேர்க்க அலைகிற பெண்ணைப் போன வருடமும் பார்த்தேன். நான் அவளிடம் ‘சேராதே’ என்று சொல்லவில்லை. சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டும் என்ற ஆசையைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. மூன்று கேள்விகளைக் கேட்டேன். ஆள் யாரையும் சேர்க்காமல் பொருளை மட்டும் விற்றால் உனக்கு என்ன கிடைக்கும்? அடுத்த மாதம் விலகினால் எவ்வளவு திரும்ப வரும், அது எழுத்தில் இருக்கிறதா? விலகிவிட்டேன் என்று யாரிடமெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும், அதைச் சொல்ல உன்னால் முடியுமா? முதல் இரண்டுக்கும் அவள் உடனே பதில் தேடினாள். மூன்றாவது கேள்விக்கு அழுதுவிட்டாள். அப்பாவிடம் சொல்ல முடியாது என்றாள். பொறுப்பு என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பாதி இந்தப் பயம்தான். அவள் விலகினாள். பணம் வரவில்லை. விடுதிக் கட்டணத்தைத் தவணையில் கட்ட ஏற்பாடு செய்துகொடுத்தோம். அவள் சேர்த்திருந்த தோழிகளிடம் போய் அவளே உண்மையைச் சொன்னாள். எனக்கு அந்த வயதில் அந்தத் தைரியம் இல்லை.

எனக்கு அது வந்தது வீடு மாறிய அன்று இரவுதான். பெட்டிகள் கட்டி முடித்து, வெறும் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். “மதினி, அன்னைக்கு விட்டுரலாம்னு கேட்டீங்கல்ல, நான்தான் விடாதீங்கன்னு சொன்னேன். என் எட்டாயிரத்த நெனச்சுத்தான் சொன்னேன்” என்றேன். மதினி கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “தெரியும் பாப்பா” என்றார். “எனக்கும் யாராச்சும் விடாதன்னு சொன்னாத் தேவலன்னுதான் இருந்துச்சு. விட்டுட்டா வீட்லதான இருக்கணும்.”

காலையில் நான் எழுந்து வந்தபோது நான்கு பெட்டிகளும் கொல்லையில் இருந்தன. மதினி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, இறுகிப்போன மாவைக் கரண்டிக் காம்பால் குத்தித் தென்னைமரத்தடியில் கொட்டிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டப்பாவை எடுத்தேன்.

“வளையல் போனது போனதுதான்” என்றார். “போச்சுன்னு வாயால சொல்றதுக்குத்தான் இத்தன வருஷம் ஆகியிருக்கு.”

டப்பாக்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்தோம். நல்ல கனமான டப்பாக்கள், மூடி இறுக்கமானவை. புது வீட்டில் ஒன்றில் உளுந்தும் ஒன்றில் வெந்தயமும் போட்டு வைத்திருக்கிறார். போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன். மேலே ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்துவிட்டிருந்தார். மாவு வாங்க வந்த பெண்ணிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் குழுக்கடனைப் போட்டு ஏமாந்த மூன்று பேரில் ஒருவர் அவர். பழைய தெருவிலிருந்து மாவு வாங்குவதற்கென்றே இவ்வளவு தூரம் வருகிறாராம்.